நாற்பது மணிநேர நிபுணர்கள்

மனிதன் பொய் சொல்வான், ரத்தக்கறை பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. சினிமாவில் கையுறை மாட்டிய ஒருவர் சுவரை அரை நிமிடம் உற்றுப் பார்க்கிறார். கொலையாளி இடதுகைக்காரன், நல்ல உயரம், மூன்று முறை ஓங்கியிருக்கிறான் என்று ஒப்பிக்கிறார். இன்ஸ்பெக்டர் வாயைப் பிளக்கிறார், நாமும்தான். இது சினிமாவோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு வார வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவருக்கு இந்த வித்தை கைவந்துவிடும் என்று அமெரிக்காவில் காவல்துறையும் நீதிமன்றமும் நம்பின. அந்த நம்பிக்கையில் ஆட்கள் சிறைக்குப் போனார்கள்.

இந்த வகுப்புகளுக்குத் தகப்பன் என்று ஹெர்பர்ட் மெக்டொனலைச் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆய்வகம் வைத்திருந்தவர். 1971இல் அரசு நிதியுதவியோடு மனித ரத்தம் பறக்கும் விதம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 1973 முதல் போலீஸ்காரர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். வகுப்பு முடித்தவர்கள் சாட்சிக் கூண்டேறினார்கள். அவர்களில் சிலர் தாங்களே வகுப்பு நடத்தினார்கள், அவர்களிடம் படித்தவர்களும் கூண்டேறினார்கள். ஒரு நீதிமன்றம் அனுமதித்ததைக் காட்டி அடுத்த நீதிமன்றம் அனுமதித்தது. இதன் பிழை விகிதம் என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பொய்யும் இல்லை. வெள்ளை அட்டை, கண்ணாடி, டைல்ஸ், துணி என்று வரிசையாக வைத்து, சொட்டுக்குழாயால் பல உயரங்களிலிருந்து ரத்தத்தைச் சொட்டவிடுவார்கள். பெரும்பாலும் ஆடு, பன்றி, குதிரை ரத்தம். அட்டையைச் சாய்த்தால், வட்டமாக விழுந்த துளி நீள்வட்டமாகும். அகலத்தை நீளத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு சைன் அட்டவணையில் கோணம் பார்த்தால், துளி எந்தச் சாய்வில் வந்து மோதியது என்று தெரிந்துவிடும். 2 மி.மீ. அகலம், 4 மி.மீ. நீளம் என்றால் 30 பாகை. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒவ்வொரு கறையிலிருந்தும் அந்தச் சாய்வில் நூல் பிடித்துக் கட்டினால், நூல்கள் நெருங்கிக் கூடும் இடம் ரத்தம் கிளம்பிய இடம். மதியத்துக்குள் எல்லோருக்கும் விடை சரியாக வந்துவிடும். எல்லோருக்கும் தன்மேல் நம்பிக்கையும் வந்துவிடும்.

அதே கணக்கை ஏறக்குறைய நேராக வந்து மோதிய துளிக்குப் போட்டுப் பாருங்கள். அகலம் 4 மி.மீ., நீளம் 4 மி.மீ. என்றால் 90 பாகை. நீளத்தை 4.1 என்று அளந்தால் 77. கறையின் ஓரம் எங்கே முடிகிறது என்பதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடுமாறினால் 13 பாகை போய்விடுகிறது. சாய்வாக விழுந்த துளியில் அதே தடுமாற்றம் ஒரு பாகைகூடத் தேறாது. ஆகவே எந்தக் கறையை அளக்க எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. அந்தத் தேர்வைச் செய்வது ஆள்தான், கணக்கு அல்ல.

அடுத்தது நூல். நூல் நேராகப் போகும், துளி நேராகப் போகாது. புவியீர்ப்பு அதைக் கீழே வளைக்கிறது, காற்று வேகத்தைக் குறைக்கிறது. அதனால் நூல்கள் காட்டும் இடம் பொதுவாக உண்மையான இடத்தைவிட உயரத்தில் அமையும். உட்கார்ந்திருந்தவர் நின்றதாகத் தெரியலாம். தற்காப்புக்காகத் தாக்கினேன் என்று ஒருவர் சொல்லும் வழக்கில், அடிபட்டவர் நின்றாரா உட்கார்ந்தாரா என்பதிலேயே ஆயுள் தண்டனையும் விடுதலையும் தொங்கிக்கொண்டிருக்கும். துணி இதைவிட மோசம். நூலிழைகள் ரத்தத்தை உறிஞ்சிப் பரப்பிவிடும். தெறித்து விழுந்த துளியும், ரத்தம் தோய்ந்த தலைமுடி உரசிய தடமும் ஒரே மாதிரிப் புள்ளிகளாகத் தெரியக்கூடும். போதாததற்கு ஈக்கள் வேறு. ரத்தத்தில் உட்கார்ந்து எழுந்த ஈ, சுவரில் கக்கியும் கழித்தும் வைக்கும் புள்ளிகள் தெறிப்பு மாதிரியே இருக்கும்.

டெக்சஸ் மாநிலத்தின் கிளிஃப்டன் என்ற சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி முதல்வராக இருந்தவர் ஜோ பிரையன். 1985 அக்டோபரில் அவருடைய மனைவி வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரையன் அப்போது 120 மைல் தள்ளி ஆஸ்டின் நகரில் பள்ளி முதல்வர்கள் மாநாட்டுக்குப் போயிருந்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டி வந்து, சுட்டுவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிட்டார் என்பது அரசுத் தரப்பின் கதை. அந்தக் கதையைத் தாங்கிப் பிடித்தது ஒரு டார்ச் லைட். கொலை நடந்து சில நாள் கழித்து அவருடைய கார் டிக்கியில் கிடைத்தது. அதன் கண்ணாடியில் பொடிப்பொடியாகச் சில புள்ளிகள். ரத்தம், ஓ வகை என்பதற்கு மேல் ஆய்வகத்தால் சொல்ல முடியவில்லை. அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓ வகைதான்.

அந்தப் புள்ளிகளுக்கு வாய் கொடுத்தவர் ஒரு துப்பறியும் அதிகாரி. ரத்தக்கறையில் அவர் பெற்றிருந்தது 40 மணிநேரப் பயிற்சி. சுட்டவர் ஒரு கையில் டார்ச் பிடித்திருந்தார், காயத்திலிருந்து திருப்பித் தெறித்த ரத்தம் அதில் பட்டது என்று சாட்சி சொன்னார். அப்படியானால் கார் உள்ளே ஏன் ரத்தம் இல்லை? கிளம்புமுன் உடையையும் ஷூவையும் மாற்றியிருப்பார் என்றார். கறை இருந்தால் அது சாட்சி, இல்லையென்றால் அதுவும் சாட்சி! ஜூரி நம்பியது. 1986இல் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1989இல் மறுபடி விசாரித்து மறுபடி தண்டனை, 99 ஆண்டுகள். 2018இல் டெக்சஸ் தடயவியல் ஆணையம் இந்தக் கறை ஆய்வுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றது. அதே ஆண்டு அந்த அதிகாரியே தன் முடிவுகள் தவறு என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அப்படியும் 2020 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்ய மறுத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, 79 வயதில், பிரையன் பரோலில் வெளியே வந்தார்.

அந்த அதிகாரியைத் திட்டுவது சுலபம். என் கோபம் அவர்மேல் இல்லை. முதலுதவி வகுப்பு முடித்தவர் கையில் அறுவைக் கத்தியைக் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

ஒரு வாரம் போதாது, ஒரு வருடம் படித்தால் தீர்ந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் 1997இல் நடந்த 13 வயதுச் சிறுமியின் கொலையை அவர்கள் படிக்க வேண்டும். வளர்ப்புத் தந்தையின் உடையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நூற்றுக்கும் மேற்பட்ட ரத்தப் புள்ளிகள். அடித்தபோது தெறித்தது என்றது ஒரு தரப்பு. உயிர் போய்க்கொண்டிருந்த பிள்ளையை அவர் தூக்கியபோது மூச்சோடு வெளியே வந்தது என்றது மறுதரப்பு. இரு பக்கமும் பேசியவர்கள் அரைகுறைகள் அல்ல. முதலில் தண்டனை கிடைத்தது, 2004இல் அது ரத்தானது, இரண்டு மறுவிசாரணைகளில் ஜூரி முடிவுக்கு வர முடியாமல் 2006இல் அவர் விடுவிக்கப்பட்டார். புள்ளிகள் கடைசிவரை அதே புள்ளிகள்தான்.

அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் 2009 அறிக்கை இந்தத் துறையின் நிச்சயமின்மை மிகப் பெரிது என்று எழுதியது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, தொழிலில் இருக்கும் 75 ஆய்வாளர்களிடம் 192 கறைக் கோலங்களைக் காட்டிக் கேட்டது. பதில்களில் சுமார் 11 சதவீதம் தவறு. ஒன்பதுக்கு ஒன்று. ஆய்வு என்று தெரிந்து, எந்த அதிகாரியும் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாமல், நிதானமாகப் பார்த்தபோது வந்த கணக்கு இது.

அதற்காக ரத்தக்கறையைப் பார்க்கவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சொட்டுகள் எந்தப் பக்கம் நகர்ந்தன, உடலை இழுத்துப் போட்டார்களா, சுவரில் ரத்தம் படாத வெற்றிடத்தில் ஏதோ பொருள் இருந்து அகற்றப்பட்டதா, எந்தக் கறையை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புவது என்பதற்கெல்லாம் பயிற்சி பெற்ற கண் தேவை. பார், அளவுகோல் வைத்துப் படம் எடு, மாதிரி எடு, குறித்து வை என்று கற்றுக்கொடுக்க ஒரு வாரம் நல்ல காலம். கொலை நடந்த விதத்தைக் கதையாகச் சொல்வதற்குத்தான் அது போதாது. தொடக்க வகுப்பின் பாதி நேரத்தை எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு ஒதுக்க வேண்டும். கடைசித் தேர்வில் ‘முடிவுக்கு வர இயலாது’ என்பதே சரியான விடையாக இருக்கும் கறைகள் சில இருக்க வேண்டும். அவற்றுக்குக் கதை எழுதியவரைத் தேர்ச்சி பெறவிடக் கூடாது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் நாட்டில் அத்தனை சம்பவ இடங்களுக்கும் போக ஆள் எங்கிருந்து வரும்? அவசரத்துக்கு ஆள் தயாரிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது பயிற்சிக் காலம். இதோடு 329ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். அதில் குறிப்பிட்ட அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை, அவர்களைக் கூண்டேற்றாமலே சாட்சியமாக ஏற்கலாம். இது ரத்த வகைக்கும் விஷத்துக்கும் சரி. கறையின் கோலத்தைப் பார்த்துச் சொன்ன அபிப்பிராயத்துக்குச் சரிவராது.

நம் உச்ச நீதிமன்றமே 1999இல், ஹிமாச்சல் அரசு எதிர் ஜெய் லால் வழக்கில், நிபுணர் தன் முடிவைச் சோதித்துப் பார்க்கும் அளவுகோலையும் நீதிபதி முன் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது நோய் கண்ட ஆப்பிள் பற்றிய வழக்கு. ஆப்பிள் விளைச்சலுக்குக் கேட்ட கேள்வியைக் கொலை வழக்கிலும் கேட்கலாமல்லவா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தக்கறைக் கோலம் பற்றிய அறிக்கை கோப்பில் வந்தால், எழுதியவரைக் கூண்டுக்கு வரவழைக்கும்படி மனுப் போடுங்கள். எத்தனை மணிநேரம் படித்தார், எந்தத் தேர்வில் எத்தனை தவறு செய்தார், எந்தக் கறைகளை அளக்காமல் விட்டார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபியுங்கள்.