ஐந்து உண்மைகளும் ஆறாவது எண்ணும்

உயர்தர இணைந்த கணிதத்தில் கணிதத் தொகுத்தறிவு என்றோர் அலகு இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கணிதமாகப் படிப்பதில்லை, வாய்ப்பாடாகவே மனனமிடுகிறோம். "ஒன்றுக்கு உண்மை. ஏதேனுமோர் எண்ணுக்கு உண்மை எனக் கொள்க. அடுத்த எண்ணுக்கும் உண்மை. ஆகவே எல்லா நேர் நிறைவெண்களுக்கும் உண்மை." இதை ஒழுங்காக எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். "முதல் ஐந்துக்குச் சரிவந்தால் போதாதா சேர், ஏன் இவ்வளவு இழுவை?" என்று கேட்டால், "பேப்பரில் அப்படித்தான் கேட்பார்கள்" என்று பதில் வரும்.

இந்தப் பதில் போதாது என்பதே என் கருத்து. சரியான பதில் ஓர் எண்ணில் இருக்கிறது: 4294967297.

2ஐ வர்க்கித்தால் 4. அதை வர்க்கித்தால் 16, பின்னர் 256, பின்னர் 65536. இந்த ஐந்துடனும் 1ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள்! இவ்வரிசை முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று பிரான்ஸ் நாட்டுப் பெர்மா நம்பினார். 1640இல் கடிதங்களிலும் எழுதினார். நிறுவல் தன் கையில் இல்லை என்பதை அவர் ஒளிக்கவுமில்லை. தொழிலால் அவர் சட்டத்துறையைச் சேர்ந்தவர். ஆனால் எண்களைப் பொறுத்தவரை அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. அப்படிப்பட்டவரே ஐந்து உதாரணங்களை நம்பி ஏமாந்தார். ஆறாவது உறுப்புத்தான் 4294967297. 1732இல் ஒயிலர் அதை 641 × 6700417 என உடைத்துக் காட்டினார்.

பத்து இலக்க எண்ணொன்றுக்கு ஒவ்வொரு முதன்மை எண்ணாக வகுத்துக் காரணி தேடினால் ஆயுள் போய்விடும். ஆனால் இந்த எண்ணின் எந்த முதன்மைக் காரணியும் 64இன் மடங்கொன்றை விட 1 கூடியதாகவே இருக்க வேண்டும் என்பதையும் ஒயிலர் காட்டினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி பூச்சியம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, வகுக்காமலேயே காட்டும் வழி. பென்சிலை எடுங்கள். 640 என்பது 5 × 2⁷. எனவே 640⁴ = 5⁴ × 2²⁸. சாதாரணதரத்தில் படித்த வர்க்க வித்தியாசத்தின்படி 640⁴ − 1 ஐ (640 + 1)(640 − 1)(640² + 1) என எழுதலாம். ஆகவே அது 641ஆல் வகுபடும். இனி, 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இதை 2²⁸ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இதுவும் 641ஆல் வகுபடும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. அதுதான் நமது எண்!

"பாடத்திட்டத்தில் இல்லை, நேரமும் இல்லை" என்பார்கள். மேலே உள்ளதைக் கரும்பலகையில் எழுதப் பத்து நிமிடம் போதும். தொகுத்தறிவு அலகின் முதல் நாளே இந்த எண்ணைக் காட்டிவிட்டால், "அடுத்ததற்கும் உண்மை" என்ற படி எதற்கு என்று எந்த மாணவியும் பிறகு கேட்கமாட்டாள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். பெர்மாவின் வரிசையில் அந்த ஐந்துக்குப் பிறகு ஆறாவதாக ஒரு முதன்மை எண் இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கவே கிடைக்காது என்று எவரும் நிறுவியதுமில்லை.