கீறலும் கடிகாரமும்

பன்னிரண்டு வயதுச் சிறுவன். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலே பந்தைப் பிடிக்கப் பாய்ந்தான். கையிலே ஒரு சிராய்ப்பு. 2012 மார்ச் இறுதியில், செல்வம் கொழிக்கும் நியூயார்க்கிலே நடந்தது இது! காய்ச்சல், வாந்தி, கால்வலி என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "வயிற்றுக் கோளாறு" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் போன பிறகு வந்த இரத்தச் சோதனை ஆபத்தைச் சொல்லிற்று. பெற்றோருக்கு அந்தச் சேதி எட்டவில்லை. ஏப்ரல் 1 அன்று உயிர் பிரிந்தது.

செப்சிஸ் என்பர் மருத்துவர். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவற்படையே தறிகெட்டு, நுரையீரலை, சிறுநீரகத்தை, இதயத்தைத் தாக்குவது. வேலியே பயிரை மேய்கிறது! 2017-லே உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு வந்தது. 1 கோடியே 10 இலட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணக்கு.

மகனை இழந்தவர்கள் மூலையிலே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. ஆட்சியாளரின் கதவைத் தட்டினார்கள். 2013-லே பிறந்தன, அச்சிறுவன் பெயராலே 'ரோரி விதிகள்'. மருத்துவமனைகள் செப்சிஸை விரைந்து கண்டறிய வேண்டும். 3 மணி நேரத்துக்குள் இரத்தச் சோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். பலன்? 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளை ஆராய்ந்து 2017-லே வெளியிட்டனர். சிகிச்சை ஒரு மணி தாமதித்தால், சாவுக்கான வாய்ப்பு 4 விழுக்காடு ஏறுகிறது! வட்டிக்கடைக்காரன்கூட மணிக்கணக்கிலே வட்டி போடுவதில்லை, தோழர்களே!

ஆன்டிபயாட்டிக், நரம்பு வழியே சலைன், சீழ் இருந்தால் கீறி வெளியேற்றுதல், இரத்த அழுத்தம் வீழ்ந்தால் அதைத் தூக்கி நிறுத்தும் மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன் — இவையே சிகிச்சை. நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டாலோ, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மடிகிறார்கள்.

பட்டறையிலே தகரம் கிழித்ததா? காலிலே ஆணி ஏறியதா? காய்ச்சலோடு நடுக்கம், வேகமாக இளைக்கும் மூச்சு, படபடக்கும் நெஞ்சு, உளறல், குறைந்துபோன சிறுநீர் கண்டால் "காலையிலே பார்ப்போம்" என்று படுக்காதீர்கள். மருத்துவரிடம், "இது செப்சிஸா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதிலே கூச்சம் என்ன!

பிழைத்து வந்தவனுக்கோ சோர்வும் மறதியும் தசைத் தளர்ச்சியும் மாதக்கணக்கில் நீடிக்கும். "காய்ச்சல்தான் விட்டதே, நாளை வேலைக்கு வா" என்பார் முதலாளி. அவனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்க வேண்டியது தொழிற்சங்கத்தின் வேலை.