ஒரே வாய் தண்ணீரில் மூன்று மாத்திரைகள்... கால்சியத்துக்கும் ஒரு நேரம் இருக்கு!

காலை ஆறு மணி. பல் துலக்கிய கையோடு அந்த 57 வயது அம்மா மாத்திரை டப்பாவைத் திறக்கிறார். தைராய்டுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, முழங்கால் வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கால்சியம் ஒன்று. "தனித்தனியா எதுக்கு? ஒரே வாய் தண்ணியில முடிஞ்சிடும்ல" என்பது அவர் கணக்கு.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அதுவரை கட்டுக்குள் இருந்த டி.எஸ்.ஹெச் அளவு ஏறியிருந்தது. "ஒரு நாள்கூட விடாம போடுறாங்களே டாக்டர்" என்றார் கூட வந்த மகள். டாக்டர் உடனே டோஸைக் கூட்டவில்லை. "எதோட சேர்த்துப் போடுறீங்கம்மா?" என்று கேட்டார். விஷயம் அங்கேதான் இருந்தது.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே நேரத்தில் குடலில் இருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய மருந்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. மாத்திரை தினமும் வாய்க்குள் போகும். ரத்தத்துக்குப் போதுமான அளவு போகாது. இதைக் கவனிக்காமல் டோஸை ஏற்றிக்கொண்டே போனால், பின்னால் கால்சியத்தை நிறுத்தும்போது தைராய்டு மருந்து அதிகமாகிவிடும், படபடப்பு வரும். அதனால் இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும்கூட ஒத்துப்போகாது. கர்ப்பிணிகளுக்கு இது முக்கியம். கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை, 500 மி.கி கால்சியம் மாத்திரை தினமும் இரண்டு எடுக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். இரண்டையும் ஒன்றாகப் போடாமல், காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத் தனியாகப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் ரத்தசோகைக்கான சிகிச்சையே வீணாகலாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளின் வேலையையும் கால்சியம் குறைத்துவிடும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை, வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். அதோடும் கால்சியம் கூடாது.

பிரஷர் மாத்திரை கால்சியத்தைத் தடுக்குமா?

அன்றைக்கு அந்த அம்மாவின் பிரஷரும் 170-ஐத் தொட்டிருந்தது. துருவிக் கேட்டபோதுதான் சொன்னார். அவர் போடுவது அம்லோடிபின். அதை, 'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்று யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். "ஒரு பக்கம் கால்சியம் போட்டுக்கிட்டு, இன்னொரு பக்கம் அதைத் தடுக்குற மாத்திரையும் போடணுமா?" என்று நான்கு நாளாகப் பிரஷர் மாத்திரையை டப்பாவிலேயே விட்டுவிட்டார்.

பெயர் செய்த குழப்பம் இது. ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை செல்களில் நுண்ணிய வாசல்கள் உண்டு. அந்த வாசல் வழியாகக் கால்சியம் உள்ளே போனால் தசை இறுகும், குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அம்லோடிபின் அந்த வாசலை ஓரளவு அடைக்கிறது. குழாய் தளர்கிறது, பிரஷர் இறங்குகிறது. இந்த மருந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. சாப்பாட்டில் வரும் கால்சியத்தைத் தடுப்பதும் இல்லை. ஆனால், பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பக்கவாதம், மாரடைப்பு அபாயம் கூடும்.

கால்சியம் எலும்புக்கு மட்டுமானதல்ல என்பது 1883-லேயே தெரிந்த விஷயம். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உப்புக் கரைசலில் வைத்த தவளையின் இதயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசலில் இதயம் சீக்கிரம் ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் செய்த கரைசலில் தொடர்ந்து துடித்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம்.

அவசர சிகிச்சையிலும் கால்சியம்

உடலின் கால்சியத்தில் சுமார் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு சதவிகிதம்தான் இதயத் துடிப்பு, நரம்பு, தசை, ரத்தம் உறைதல் என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறினால், இதயம் நின்றுவிடாமல் காக்க முதலில் ஏற்றப்படும் ஊசிகளில் ஒன்று கால்சியம் குளுகோனேட். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. ஆனால், குறைக்கும் சிகிச்சை பலன் தரும்வரை இதயத்தைக் காப்பாற்றித் தரும்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போனால், 'அசதியா இருக்கும்' என்று விடக் கூடாது. தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு, ரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எவ்வளவு, எப்போது?

பெரியவர் ஒருவருக்கு தினமும் சுமார் 1,000 மி.கி கால்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் 200 மி.கிராமுக்கு மேல் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கிராமுக்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே கைகொடுக்கும். சாப்பாட்டில் குறையும் அளவுக்குத்தான் மாத்திரை.

- கால்சியம் கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அது கரைய வயிற்று அமிலம் தேவை. சிட்ரேட் வகையை எப்போதும் எடுக்கலாம். அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை போடுபவர்களுக்கு சிட்ரேட்தான் பொருத்தம்.
- ஒரு வேளைக்கு 500 மி.கிராமுக்கு மேல் போட்டால் உடல் முழுதாக உறிஞ்சாது.
- சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது.
- வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் போட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறும். வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

அந்த அம்மாவுக்கு டாக்டர் புதிதாக எந்த மருந்தும் எழுதவில்லை. காலை ஆறு மணிக்கு தைராய்டு, டிபனுக்குப் பிறகு பிரஷர், மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று நேரத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தார். மகள் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, டோஸைக் கூட்டாமலேயே டி.எஸ்.ஹெச் இறங்கியிருந்தது. பிரஷரும் கட்டுக்குள் வந்திருந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கியது உட்பட, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை எப்போது போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.