பாட்டி அழைக்கும் பெயர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

எங்கள் பாடற்குழுவின் பாட்டுப் புத்தகம் மிகப் பழையது. அட்டை கிழிந்து, துணி ஒட்டித் தைத்த புத்தகம். அதில் ஒரு பாட்டில் 'யாவே' என்று வரும் இடங்களையெல்லாம் யாரோ நீல மையால் அடித்துவிட்டு மேலே 'தேவா' என்று எழுதியிருக்கிறார்கள். மெட்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் கடவுளின் பெயரையே அடிப்பதா என்று எனக்கு ஒரு சங்கடம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன்.

2008ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் உரோமையிலிருந்து திருவழிபாட்டுப் பேராயம் ஆயர் பேரவைகளுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்பியதாம். வழிபாட்டிலும் பாடல்களிலும் செபங்களிலும் அந்த எபிரேயப் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்பதே அதன் செய்தி. கடவுளின் பெயரை எபிரேயர்கள் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதினார்கள். மரியாதையின் காரணமாக அதை வாய்விட்டுச் சொல்லாமல், அந்த இடம் வரும்போது 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசித்தார்கள். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'கீரியோஸ்' என்றும், இலத்தீனில் பெயர்த்தவர்கள் 'தோமினுஸ்' என்றும் எழுதினார்கள். நம் திருவிவிலியத்தில் 'ஆண்டவர்' என்று இருப்பதும் இந்த வழியில் வந்ததுதான். நெடுங்காலம் உச்சரிக்காமலே விட்டதால் அந்தப் பெயரின் சரியான ஒலி மறைந்தே போயிற்று. 'யாவே' என்பது அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட வடிவம். 'யெகோவா' என்பதோ, அந்த நான்கு மெய்களோடு 'அதோனாய்' என்ற சொல்லின் உயிரொலிகளைச் சேர்த்து வாசித்ததால் பிறந்தது. (என் பக்கத்து இருக்கைத் தோழி சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். அவள் 'யெகோவா' பாட்டுகளை மிக நன்றாகப் பாடுவாள். அவளுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை.)

மரியாதைக்காகப் பெயரைச் சொல்லாமலிருப்பதா என்று வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டி இன்றுவரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. தாத்தாவின் பெயர் சூசை. மாலைச் செபத்தின்போது பாட்டி, "சேசுவே, மரியே" என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் "சூசையே" என்று முடிக்க வேண்டும். தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்த வழக்கம் மாறவில்லை. யூதர்கள் ஏன் அந்த நான்கு எழுத்துகளின் முன்னே வாய் மூடி நின்றார்கள் என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நான் எழுதவந்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற கோடை விடுமுறையில் என் பெரியப்பா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் அவர் அங்கே ஒரு செபக் குழுவில் சேர்ந்திருக்கிறார். 'இயேசு' என்பது மனிதர் வைத்த பெயர், 'யேஷுவா' என்று எபிரேயத்தில் அழைத்தால்தான் செபம் மேலே போகும் என்று அங்கே போதிக்கிறார்களாம். அதை அண்ணன் பாட்டியிடமும் சொல்லிவிட்டார். "நீங்கள் சொல்லும் சேசு பெயரே இல்லை, பாட்டி. போர்த்துக்கீசியர் வாயில் வந்தது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றிரவு பாட்டி செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான் அருகில் போனபோது, "ஏம்மா, எழுபது வருசமா நான் யாரைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டியின் கேள்விக்காகத்தான் அதன்பின் நான் புத்தகங்களைப் புரட்டினேன்.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. 'சேசு' என்ற ஒலி போர்த்துக்கீசியக் குருக்கள் வழியாக வந்ததே. 'யேஷுவா' என்பதும் மெய்யான எபிரேயப் பெயரே. 'ஆண்டவர் மீட்கிறார்' என்று அதற்குப் பொருள். பழைய ஏற்பாட்டு யோசுவாவின் பெயரும் அதுதான். ஆனால் நற்செய்தியாளர்கள் எழுதியது கிரேக்க மொழியில். கிரேக்கத்தில் 'ஷ' என்ற ஒலி கிடையாது. ஆகையால் அவர்கள் 'இயேசூஸ்' என்று எழுதினார்கள். வேறு எந்தப் பெயராலும் மீட்பு இல்லை என்று பேதுரு சொல்லும் வசனத்தை அண்ணன் அடிக்கடி எடுத்துக் காட்டுவார். அந்த வசனத்தையும் லூக்கா கிரேக்கத்தில்தான் எழுதிவைத்தார்! எபிரேய ஒலி மாறினால் பெயர் செல்லாது என்றால், முதலில் செல்லாமற் போவது புதிய ஏற்பாடே அல்லவா?

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 'மெசியா' என்ற சொல் வந்ததும் அதற்குக் கிறிஸ்து என்று பொருள் என எழுத்தாளரே விளக்கிவிடுகிறார். அடுத்த வசனத்தில் 'கேபா' வருகிறது, அதற்கும் பேதுரு என்று பொருள் சொல்லப்படுகிறது. சிலுவையின்மேல் வைத்த பலகையிலும் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகள் இருந்தன.

நம் தமிழ்நாட்டில் இது இன்னும் விரிவாக நடந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ்ச் செப நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் கடவுளைச் 'சர்வேசுரன்' என்றார். லூத்தரன் சபையின் பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். பின்வந்த பைபிளில் 'தேவன்' ஆயிற்று. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. புனிதர்களின் பெயர்களும் இப்படியே. யோவான் என்றால் கடவுளின் அருள் என்று பொருள், ஆகவே அருளப்பர். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். எங்கள் தாத்தாவின் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயரை 'ஜோசே' என்ற போர்த்துக்கீசிய வடிவில் கேட்டுச் சூசை ஆக்கினார்கள். வீரமாமுனிவரோ பெருகுதல் என்னும் அதன் பொருளைப் பிடித்துத் தேம்பாவணியில் 'வளன்' என்று அழகாகப் பெயரிட்டார். ஒலியைப் பிடித்தாலும் பொருளைப் பிடித்தாலும் நாசரேத்துத் தச்சர் ஒருவர்தானே!

இதையெல்லாம் சொல்வதால் எபிரேயச் சொற்களே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. 'ஆமென்', 'ஓசன்னா' இரண்டும் எபிரேயம்தான். பாஸ்கா இரவில் நாம் உரக்கப் பாடும் 'அல்லேலூயா'வின் கடைசி அசையில் அந்த உச்சரிக்காத பெயரின் முதற்பாதி ஒளிந்திருக்கிறது. 'யா'வைப் புகழுங்கள் என்பதே அதன் பொருள். இதைக் கேட்ட நாள்முதல் எனக்கு அல்லேலூயா பாடும்போது உடம்பு சிலிர்க்கிறது. அண்ணன் தம் தனிச் செபத்தில் யேஷுவா என்று அழைத்தால் அதில் தவறென்ன? இன்னொருவர் அழைப்பதைச் செல்லாது என்று சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. நம் பாட்டிமார் 'இஸ்பிரீத்துசாந்து' என்றும் 'அர்ச்சியசிஷ்ட' என்றும் சொல்லும்போது நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். 'தூய ஆவி', 'புனித' என்பவை நல்ல தமிழ் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பழைய சொற்களால்தான் அவர்கள் நம் பெற்றோரை வளர்த்தார்கள். எனவே அடுத்த முறை நம் பள்ளியின் செபப் புத்தகத்தை அச்சிடும்போது பழைய செபங்களையும் ஒரு பக்கத்தில் சேர்க்கும்படி மதர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலருக்கு வீட்டிலே செபம் நடத்துவது பாட்டிதான். இரண்டு விதமும் தெரிந்தால் தடங்கலின்றி அவர்களோடு சேர்ந்து சொல்லலாம்.

நான் படித்தவற்றில் முக்கால்வாசியைப் பாட்டியிடம் சொல்லவில்லை. யோவானின் அந்த முதல் அதிகாரத்தை மட்டும் மெதுவாக வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மறுநாள் மாலை விளக்கேற்றியதும் பாட்டியே, "சேசுவே, மரியே" என்று தொடங்கி, வழக்கம்போல் நிறுத்தினார்கள். என் தம்பி தூங்கி வழிந்துகொண்டிருந்தான். நான்தான் முடித்தேன்.