கொடுத்தவன் மதம் என்ன?

நாகை வட்டாரத்துக் கிராமங்களிலே 'நாகூரான்' என்று பெயர் கொண்ட இந்துக்கள் உண்டு. 'நாகூரம்மாள்' உண்டு. பிள்ளை நோயில் கிடந்தது, தாய் நாகூருக்கு வேண்டிக் கொண்டாள், பிள்ளை பிழைத்தது, பெயரை வைத்தாள். அந்த நாகூரான் வளர்ந்து ஆளாகி ஊர் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பான். நாகூருக்கு வந்து தர்காக் குளக்கரையிலே தலைமுடியும் இறக்குவான். 'நீ எந்தப் பக்கம்?' என்று எவனாவது கேட்டால், கேட்டவனுக்குத்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டு நடையைக் கட்டுவான்.

நாட்டு நடப்பைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த நாகூரான் நினைவுதான் வருகிறது, தோழர்களே!

2022 மார்ச்சிலே, அண்டை மாநிலமாம் கர்நாடகத்தின் கடலோரத்தில், கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று அறிவிப்புப் பலகை கட்டினார்கள். ஆண்டு தவறாமல் அதே திடலில் கடை விரித்தவர்கள் அவர்கள். 'பெயரைச் சொல்!' என்றார்கள். சொன்னான். 'மூட்டையைக் கட்டு!' என்றார்கள். 2024 ஜூலையிலே உத்தரப் பிரதேசத்தில், கங்கை நீர்க் காவடி எடுத்துச் செல்வோர் நடக்கும் சாலையோரத்து உணவுக் கடைக்காரர்கள் தத்தம் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டுமென்று காவல் துறையே கட்டளை போட்டது. ஜூலை 22 அன்று உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

பசித்து வருபவன் கேட்பது என்ன? சோறு சூடாக இருக்கிறதா, விலை எவ்வளவு - இவ்வளவுதானே! 'அடுப்பிலே நின்றவன் பெயர் என்ன?' என்று அவனைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்களே, இது எவன் வயிற்றை நிரப்ப? நம் நாகூரான் அந்தச் சாலையிலே தேநீர்க்கடை வைத்திருந்தால் பலகையில் என்ன எழுதுவான்? உள்ள பெயரை எழுதினால் ஒரு கூட்டம் கடைக்குள் நுழையாது. நெற்றியிலே நீறு இருக்கிறதே என்றால், 'ஏமாற்றுகிறான்!' என்பார்கள். தாய் இட்ட பெயருக்காக ஒருவன் தண்டனை பெறும் காலமா இது?

'அதெல்லாம் வடக்கே, அங்கே ஏதோ நடக்கிறது' என்று சொல்லிக் கொண்டிருந்தோம். 2025 ஏப்ரலிலே அந்தக் கேள்வி சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

வக்பு திருத்தச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். மக்களவையில் 288 பேர் ஆதரவு, 232 பேர் எதிர்ப்பு. மாநிலங்களவையில் 128-க்கு 95. ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். அதற்கு முன்பே, மார்ச் 27 அன்று, 'வேண்டாம் இந்தச் சட்டம்' என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தது. அனுப்பியது டில்லியின் காதிலே விழவில்லை, விழுந்தால்தான் வியப்பு!

வக்பு என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தன் நிலத்தையோ கட்டடத்தையோ அறத்துக்கென்று ஒருவர் நிரந்தரமாக ஒப்படைத்து விடுவது. ஒப்படைத்த பிறகு அதை விற்க முடியாது, வாரிசு வந்து பங்கு கேட்க முடியாது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்திலே, எவர் வேண்டுமானாலும் வக்பு செய்யலாம் என்று இருந்தது. 2025 சட்டம் சொல்கிறது: கொடுப்பவர், குறைந்தது 5 ஆண்டுகளாக இஸ்லாத்தைக் கடைப்பிடித்து வருபவர் என்று காட்ட வேண்டும்! இன்னும் பல பிரிவுகள் அந்தச் சட்டத்தில் உண்டு, வழக்கறிஞர்கள் வாதாடட்டும். இந்த ஒன்றை எடுத்துக்கொண்டு நான் நாகூருக்கு நடக்கிறேன்.

நாகையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம். வெட்டாறு கடலில் விழும் இடம். அலங்கார வாசல் முன்னே நின்று அண்ணாந்து பார்த்தால் ஐந்து மினாராக்கள். அவற்றிலே உயர்ந்தது 131 அடி. மீன்பிடித்துத் திரும்பும் படகுக்காரனுக்கு, கரை தெரிவதற்கு முன்னே அதுதான் தெரியும். அந்தப் பெரிய மினாராவை எழுப்பிக் கொடுத்தவர் எவர்? தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் வேண்டிக் கிடைத்ததால் கட்டினார் என்று ஊரிலே சொல்வார்கள். வரத்தை நான் நம்புகிறவனல்ல. நீங்களும் நம்ப வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால், கல்லும் சுண்ணாம்பும் கட்டுக்கதையல்ல. 131 அடியை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது!

அந்த மன்னர் ஐந்து ஆண்டு தொழுதவரா? ஒரு நாள் தொழுதவரா? தர்காவிலே இருந்தவர்கள் 'உம் மதம் என்ன?' என்று கேட்டுவிட்டா கல் இறக்கினார்கள்?

உடனே ஒரு குரல் வரும்: 'மினாராவை யாரும் இடிக்கப் போவதில்லையே, சட்டம் இனி வரும் கொடைக்குத்தானே!' உண்மை. உண்டியலில் காசு போடுவதையும் இந்தச் சட்டம் தடுக்கவில்லை. 'முஸ்லிம் அல்லாதார் வேறு அறக்கட்டளையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே' என்றும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். வாசல் வேறு என்கிறீர்கள், அவ்வளவுதானே? கொல்லைப்புறமாக வா என்று சொல்வது தஞ்சை மாவட்டத்து உழைப்பாளிக்குப் புதிதல்ல, தோழர்களே! அந்தச் சொல்லின் பொருள் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கடனை ஏமாற்றுவதற்காகச் சிலர் மதம் மாறி, சொத்தை வக்பு என்று எழுதிவிடுகிறார்கள், அதைத் தடுக்கவே ஐந்து ஆண்டு - இதுவும் அவர்கள் வாதம். ஏமாற்றுக்காரன் எந்த மதத்தில் இல்லை? அவனைப் பிடிக்கச் சட்டம் இல்லையா? வக்பு நிலங்களை விழுங்கியவர்கள் உண்டு. உள்ளே இருந்தே விழுங்கியவர்களும் உண்டு. ஏழை முஸ்லிம்தான் அதனால் அதிகம் நொந்தவன். விழுங்கியவன் தொண்டையைப் பிடியுங்கள், கைதட்டுகிறோம். கொடுக்க வந்தவன் கையை ஏன் பிடிக்கிறீர்கள்?

இனி, நாகூரின் அன்றாடத்தைப் பாருங்கள். மத ஒற்றுமை, சகோதர பாசம் என்று மேடையிலே பேசி நானும் சலித்திருக்கிறேன். அந்த ஊரை நிற்க வைத்திருப்பது வேறு: வேலை. கந்தூரி வந்தால் பதினான்கு நாள். நாகையிலிருந்து கப்பல் வடிவ ஊர்திகளிலே கொடி வரும். பிறகு சந்தனக்கூடு வரும். வருகிற கூட்டத்திலே பாதிக்கு மேல் இந்துக்கள் என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள். அவர்களுக்கு முடி எடுக்க ஆள் வேண்டும், பூ கட்ட ஆள் வேண்டும், பந்தலுக்கு மூங்கில் நட ஆள் வேண்டும். வெள்ளித் தகட்டிலே கையும் காலும் வீடும் கப்பலும் அச்சடித்து விற்பவன் இருக்கிறான். வாடா சுடும் அம்மாளுக்கு மீனவத் தெருவிலிருந்து இறால் வர வேண்டும். 'நானா, இன்னிக்கு விலை ஏறிப்போச்சு' என்று கூடைக்காரி சொல்ல, 'நேத்தும் இதைத்தானே சொன்னே தங்கச்சி' என்று கடைக்காரர் முணுமுணுத்துக் கொண்டே எண்ணிக் கொடுப்பார். வேளாங்கண்ணிக்கு வந்தவன் அப்படியே நாகூரையும் பார்த்துவிட்டுப் போவான். அவனை ஏற்றி வரும் ஆட்டோவுக்கு அன்றைய டீசல் காசு வந்துவிடும். இதிலே ஒரு கை நின்றால் இன்னொரு வீட்டிலே உலை ஏறாது. இதுதான் அங்குள்ள ஒற்றுமையின் இரகசியம்!

கடைக்காரன் பெயரைக் கேள் என்பவர்கள் கைவைப்பதும் இந்த இடத்திலேதான். 1997 நவம்பர் இறுதியிலே கோவையில் என்ன நடந்தது? ஒரு காவலரைக் கொலை செய்தார்கள், கொடுமை அது. அதைச் சாக்காக வைத்து, முஸ்லிம்களின் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். பதினெட்டு முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று வெடிகுண்டு வைத்துப் பழி தீர்த்தார்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டு எவன் பெயரையும் கேட்கவில்லை. மாண்டவர்கள் யார்? தெருவிலே நடந்தவர்கள், கடைக்குப் போனவர்கள், உன்னையும் என்னையும் போன்றவர்கள். எரிந்த கடைகளிலே வேலை பார்த்தவன் எந்த மதம் என்று எவராவது எண்ணிப் பார்த்தார்களா?

நாகூர் சொர்க்கபுரி என்று நான் சொல்லவில்லை. அங்கே வாடகைத் தகராறு உண்டு, நிர்வாகத் தகராறு உண்டு, நீதிமன்றம் ஏறிய வழக்குகள் உண்டு. சுற்றுவட்டாரத்திலே சேரி என்று தனியே ஒதுக்கி வைத்த தெருக்கள் இருக்கின்றன. அந்தத் தெருக்களை மினாராவின் நிழல் தொடுவதில்லை. இதே மாவட்டத்திலேதான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் கருகினவே! கொளுத்தியவனும் கருகியவர்களும் ஒரே மதம் என்றுதானே சர்க்கார் ஏட்டிலே எழுதியிருக்கிறது? மதத்தின் பெயரால் நம்மை அணிவகுக்கக் கூப்பிடும்போது, அந்த 44 பேரை எந்த வரிசையிலே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

நாகூர் ஹனிபா 2015 ஏப்ரலிலே மறைந்தார். கழக மேடையிலே கூட்டத்தைத் திரட்டிய அதே குரல்தான் அதிகாலையிலே தேநீர்க் கடைகளில் இறைவனைப் பாடிற்று. பாடுகிறவர் யார் என்று விசாரித்து வானொலியை அணைத்த தஞ்சைக்காரனை நான் கண்டதில்லை.

2004 டிசம்பர் 26-ஐச் சொல்ல வேண்டும். நாகை மாவட்டத்திலே மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டு போயிற்று. உயிர் பிழைத்து ஓடி வந்தவர்களுக்குத் தர்கா கதவைத் திறந்தது. உயிரற்று வந்தவர்களுக்கு நிலத்தைத் திறந்தது. நூற்றுக்கணக்கான உடல்களை, இன்னார் இன்ன மதம் என்று பிரிக்காமல், பிரிக்கவும் முடியாமல், அங்கே அடக்கம் செய்தார்கள். அந்த மண்ணிலே கிடக்கும் மீனவத் தாயின் மகன் ஒருவன், நாளை பத்துக் குழி நிலத்தைத் தர்காவுக்கு வக்பாக எழுதி வைக்கிறேன் என்று வந்தால், சட்டம் அவனைப் பார்த்து 'ஐந்து ஆண்டுக் கணக்கைக் காட்டு' என்று கேட்கும்!

2025 செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் இந்த ஐந்து ஆண்டுப் பிரிவை நிறுத்தி வைத்தது. அடியோடு செல்லாது என்று சொல்லவில்லை. ஒருவர் ஐந்து ஆண்டு மதத்தைக் கடைப்பிடித்தாரா என்று கண்டறிய மாநில அரசுகள் விதி வகுக்கும் வரையிலே தடை என்று சொன்னது. எப்படி வகுப்பார்கள் விதியை? ஐந்து ஆண்டுக்கு எத்தனை வேளைத் தொழுகை என்று கிராம நிர்வாக அலுவலர் எண்ணுவாரா? நோன்பு நாளிலே தேநீர்க் கடைக்குள் எட்டிப் பார்க்க வருவாய் ஆய்வாளரை அனுப்புவார்களா? பயிர் அழிந்த கணக்கை எடுக்கவே ஆள் போதவில்லை என்கிறவர்கள், இதற்கு எங்கிருந்து ஆள் பிடிப்பார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நெடுங்காலமாகப் பயன்பாட்டிலே இருப்பதனாலேயே ஓரிடம் வக்பு ஆகும் என்ற பழைய முறையை இந்தச் சட்டம் இனிமேலுக்கு எடுத்துவிட்டது. நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆக, இனி வாய்மொழி போதாது, காகிதம் வேண்டும். ஆகவே தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஊரிலே பள்ளிவாசலுக்கு இந்து கொடுத்த மனை எது, கோயில் குளத்துக்கு மரைக்காயர் கட்டிய படித்துறை எது, சர்ச்சுக்குப் பந்தல் போட்டவர் எவர் என்று கேட்டு ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். பத்திரம் இருந்தால் படி எடுங்கள். இல்லாவிட்டால் எண்பது வயதுக்காரர்களிடம் போய் உட்காருங்கள், அவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்பே போங்கள்.