காரில் அந்தச் சிவப்புப் பக்கம் எதற்கு?

காரின் ஏ.சி. குமிழில் நீலம், சிவப்பு என இரண்டு பக்கம் உண்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பியே பார்க்காதவர்கள் நம் ஊரில் ஏராளம். ‘அடிக்கிற வெயிலுக்கு ஹீட்டர் வேறயா?’ என்று கேட்பதும் நியாயம்தான். ஆனால், மழை நாளில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது கைகொடுப்பது அந்தச் சிவப்புதான்.

நாம் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. நனைந்த குடையும் செருப்பும் தம் பங்குக்குச் சேர்க்கும். குளிர்ந்த முன்கண்ணாடியில் அந்த ஈரம் வெண்படலமாகப் படிந்துவிட்டால், கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கும் பஸ்கூடத் தெரியாது. உடனே ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் கர்ச்சீப்! துடைத்த இடம் இரண்டே நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக, காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி திருப்புங்கள். ஏ.சி.யைப் போடுங்கள். குமிழைச் சிவப்புக்குக் கொண்டுபோய், ப்ளோயர் வேகத்தைக் கூட்டுங்கள். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் எரிந்தால் அணைத்துவிடுங்கள். அது உள்ளே இருக்கும் ஈரக் காற்றையே சுற்றவிடும் பட்டன்.

ஏ.சி.யும் ஹீட்டரும் ஒன்றாகவா? ஆமாம். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது. காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். காய்ந்த அந்தக் காற்றை ஹீட்டர் சூடாக்கி அனுப்ப, கண்ணாடி சீக்கிரமே தெளிந்துவிடும்.

படலம் உள்ளேயா, வெளியேயா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஏ.சி. குளிரால் கண்ணாடியின் வெளிப்பக்கமும் வியர்க்கும். அதற்கு வைப்பரை ஓட்டி, ஏ.சி. குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ஹீட்டர் போட்டால் பெட்ரோல் குடிக்குமோ என்ற பயம் வேண்டாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகிறது இல்லையா, அது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. வீணாகப் போகும் அந்தச் சூட்டைத்தான் ப்ளோயர் நம் பக்கம் ஊதுகிறது. அதனால்தான் வண்டி எடுத்த முதல் சில நிமிடங்கள் வெறும் குளிர்காற்றே வரும். எலெக்ட்ரிக் காரில் கதை வேறு. அங்கே சூட்டுக்கும் பேட்டரிதான் கரையும்.

வண்டிக்குள் இனிப்பு கலந்த வாசனை, முன்சீட்டுக்குக் கீழே ஈரமான மிதியடி, கண்ணாடியில் பிசுபிசுப்பு... இவை சேர்ந்து வந்தால் அந்தக் குட்டி ரேடியேட்டர் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறுவதற்குள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

ப்ளோயர் 1, 2, 3-ல் ஓடாமல் 4-ல் மட்டும் ஓடுகிறதா? சாதாரண குமிழ் வைத்த கார்களில் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது ரெசிஸ்டர் என்ற சின்ன பாகம். முழு வேகத்துக்கு அது தேவையில்லை. போயிருப்பது பெரும்பாலும் அதுதான். முழு வேகத்தில் மோட்டார் நன்றாக ஓடும்போது, ‘மோட்டாரையே மாத்தணும் சார்’ என்று யாராவது சொன்னால், ‘ரெசிஸ்டரைப் பாத்தீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.