மூட்டைக்கு இவ்வளவு மகமை

சி.எஸ்.ஆர். என்றால் லாபத்தில் 2 சதவீதம், 2013 கம்பெனிகள் சட்டம் என்று பி.காம். மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதுவும் பெரிய கம்பெனிகளுக்குத்தான். கூடவே விருதுநகர் நாடார் வியாபாரிகளின் மகமையையும் சொல்லிக் கொடுக்கலாம்.

மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலேயே எடுத்து வைத்தார்கள். லாபம் வரட்டும் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. கணக்குப்படி அது நன்கொடை அல்ல, செலவு! அந்த மகமையும் வீடுவீடாகச் சேர்ந்த பிடி அரிசியும்தான் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலையை நடத்தின. காமராஜர் படித்தது அங்கேதான்.

சாதிக்குள் பிறந்த ஏற்பாடு என்பது உண்மைதான் (அதை மறைப்பானேன்?). இன்றைய கடைவீதி சங்கங்கள் சாதியை விட்டுவிட்டு மூட்டைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே. ஜி.எஸ்.டி. பில் போடுகிற கடைக்கு இன்னொரு வரி எழுதுவது பெரிய வேலையா என்ன?